அண்ணாவியார் எடுத்த வகுப்பு

இலங்கையில் நாடகம் ஒரு பரீட்சைப் பாடம். சாதாரண தரத்தில் சங்கீதம், நடனம், சித்திரம் என்ற வரிசையில் அதையும் எடுக்கலாம். உயர்தரத்தில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்ற பெயரில், தமிழோடும் புவியியலோடும் சேர்த்துப் படிக்கலாம். எழுத்துப் பரீட்சையும் உண்டு, செய்முறைப் பரீட்சையும் உண்டு. அதில் தேறி, பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேறினால் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், “சினிமாவுக்குப் போகிறவர்கள் படிப்பதா?” என்று கேட்கிறார்கள். நான் அந்தப் படிப்பை முடித்துவிட்டு இப்போது பாடசாலையில் நாடக ஆசிரியையாக இருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் சினிமாவை நினைத்து வந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் கூத்தாடும் ஊர்களிலிருந்து வந்தவர்கள். தகப்பனோ மாமனோ ஒரு காலத்தில் அருச்சுனன் ஆடியிருப்பார். அந்தப் பிள்ளைகள் கூத்தைப் பார்த்தபடி பாயில் தூங்கி வளர்ந்தவர்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவள். படித்தது வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ள கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாக ஆன இடம் அது. விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், யாழ்நூல் எழுதியவர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நாடக மாணவருக்கு அவர் முதலில் ‘மதங்க சூளாமணி’யின் ஆசிரியர். 1926இல் வெளிவந்த அந்த நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் பழந்தமிழ்ச் செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறார். நாடகத்தைத் தமிழில் ஒரு கல்வியாகச் சிந்திக்கலாம் என்ற துணிச்சல் அந்தச் சிறிய நூலில் இருக்கிறது. அவருடைய சமாதி கல்லடி உப்போடையில், அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் பக்கம்தான். பரீட்சைக்கு முன்னர் அங்கே போய் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு இருந்தது.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். கிராமத்து நாடகமான நாடகமவின் பாட்டையும் அமைப்பையும் எடுத்து, படித்தவர்கள் வியக்கும் ஒரு நவீன நாடகமாக அதை ஆக்கிக் காட்டினார். அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன், தமிழ்க் கூத்துகளின் பக்கம் தம் மாணவர்களைத் திருப்பினார். மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராகக் கூத்துகளைத் தேடினார்கள். விடியும்வரை ஆடிய கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்து, பல்கலைக்கழக மாணவர்களையே ஆடவைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’. அடுத்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. ‘இராவணேசன்’ எழுதியதும் அதில் இராவணனாக ஆடியதும் அப்போது மாணவராக இருந்த மட்டக்களப்பு இளைஞர் சி. மௌனகுரு. பிற்காலத்தில் அவர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறைப் பேராசிரியரானார். தாம் இளமையில் ஆடிய அதே இராவணேசனைத் தம் மாணவர்களுக்குப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார். கா. சிவத்தம்பி பண்டைத் தமிழர் நாடகம் பற்றி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, பாடசாலை ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடிப்புப் பயிற்சி கொடுத்தார். இப்படிப் பல கைகள் சேர்ந்துதான் நாடகம் எங்களுக்கு ஒரு பட்டமாக வந்து சேர்ந்தது.

முதலாம் ஆண்டில் நான் மிகவும் விரும்பிய வகுப்பு ஒன்று திறந்த வெளியில் நடந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு இருக்கிறது. 24 பெருவிரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகள். பாடசாலையில் இதை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறோம். விரிவுரையாளர் கையில் கயிறும் சுண்ணாம்பும் தந்து, “கீறுங்கள்” என்றார். பெருவிரலை ஓர் அங்குலமாக வைத்துக்கொண்டால் அகலம் 14 அடி, நீளம் 16 அடி, உயரம் 2 அடி. கீறி முடித்து உள்ளே நின்று பார்த்தோம். ஒருத்தி ஆட, பாடுவோரும் கருவி வாசிப்போரும் பக்கத்தில் இருக்க, அளவான இடம். பத்துப் பேர் வாளோடு சுழன்று ஆட இடம் போதாது. மாதவியின் நடனம் எப்படி இருந்திருக்கும் என்பதை அந்த நீள்சதுரம் எங்களுக்குச் சொல்லத் தொடங்கியது. அரங்கின் அளவைப் பார்த்தால் ஆட்டத்தின் அளவைக் கண்டுபிடிக்கலாம் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பக்கத்திலேயே ஒரு வட்டக்களரியும் கீறினோம். மட்டக்களப்புக் கூத்தின் களரி வட்டமானது. மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டுவார்கள். நடுவில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லாரியும் பிற்பாட்டுக்காரரும் நிற்பார்கள். ஆடுபவர்கள் அவர்களைச் சுற்றி வந்து ஆடுவார்கள். ஊர்ச்சனம் நாலா பக்கமும் இருக்கும். மாதவியின் அரங்கில் அரசன் இருக்கும் பக்கம் ஒன்று உண்டு, ஆடுபவள் அந்தப் பக்கத்தை நோக்கலாம். களரியில் முன்பக்கம் என்று ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துக்கு முகம் காட்டினால் மறுபக்கத்துக்கு முதுகு. அதனால் கூத்தனுக்கு முதுகும் நடிக்க வேண்டும், தோளும் நடிக்க வேண்டும், கால் எந்நேரமும் நடிக்க வேண்டும். வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுபோனபோது உண்மையில் மாறியது இதுதான். நேரம் சுருங்கியதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உடம்பு ஒரே திசையைப் பார்க்கத் தொடங்கியது அதைவிடப் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம்.

கூத்துப் பழக்க ஓர் அண்ணாவியார் வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மத்தளம். மாணவர்கள் எங்களுக்குப் பேராசிரியர் முதல் விரிவுரையாளர் வரை எல்லோரும் ‘சேர்’, ‘மிஸ்’. அவர் மட்டும் ‘அண்ணாவியார்’. வந்த முதல் நாளில் அவர் எதையும் விளக்கவில்லை. கதிரையில் இருந்து மத்தளத்தைத் தட்டிப் பார்த்துச் சுருதி சேர்த்துவிட்டு, எங்களை வட்டமாக நிற்கச் சொல்லி, ஒரே ஒரு தாளக்கட்டை வாயால் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லி நடக்க வேண்டும். முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும், பாதம் முழுதாக நிலத்தில் விழ வேண்டும். மணிக்கணக்கில் அந்த ஒரே நடை. பரதம் கற்றுவிட்டு வந்த பிள்ளைகள் அழகாகக் கை பிடித்தார்கள். “கையை விடு புள்ள. கால் வரட்டும் முதல்ல” என்றார். நான் மத்தளத்தைத் துரத்திக்கொண்டு ஓடினேன். அவர் என்னைப் பார்த்து, “மத்தளத்துக்குப் பின்னால ஓடாத. நீ சரியா வச்சா அது உன்னத் தேடி வரும்” என்றார்.

அந்த வாரமே வேறொரு வகுப்பில் மூச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வயிற்றிலிருந்து மூச்செடுப்பது, ஒரே மூச்சில் எத்தனை எண்கள் எண்ண முடிகிறது என்று பார்ப்பது, குரலை மண்டபத்தின் கடைசி வரிசைக்கு அனுப்புவது. உலகெங்கும் நடிப்புப் பள்ளிகளில் நடக்கும் பயிற்சிதான். இரண்டு வகுப்பும் ஒன்றையொன்று விளக்குவது எனக்குப் புரிய வந்தது கொஞ்ச நாள் கழித்துத்தான். கூத்தில் ஆடுபவரே பாட வேண்டும், பாடுபவரே ஆட வேண்டும், அதுவும் ஒலிவாங்கி இல்லாமல் உச்சக் குரலில், இரவு முழுக்க. இது எப்படிச் சாத்தியம்? கூத்தன் ஓரடி பாடியதும் நடுவில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அவர் அந்த இடைவெளியில் ஆடுவார், ஆடிக்கொண்டே மூச்சை எடுப்பார். பிற்பாட்டு என்பது இசைக்காக மட்டும் வைத்தது என்று நினைத்திருந்தேன். அது நடிகனின் நுரையீரலுக்காகவும் வைக்கப்பட்டது. மூச்சு வகுப்பில் நான் கேட்ட கேள்விக்கு அந்த முதியவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னர் விடை கண்டு, அதைக் கூத்தின் கட்டமைப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குச் சொந்தமாக ஒரு பாடத்திட்டம் இருந்தது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஊர் கூடி எந்தக் கூத்தை ஆடுவது, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானிக்கும். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய கொப்பியை அண்ணாவியார் கையால் வாங்குவார்கள். பிறகு இரவிரவாகப் பழக்கம். ஆட்டம் காலுக்கு வந்த பிறகே சதங்கை அணிதல். அதற்கு முன்னர் சதங்கையைத் தொடக்கூடாது. அடுத்தது அடுக்குப் பார்த்தல், முழுக்கூத்தையும் உடுப்பில்லாமல் ஓட்டிப் பார்ப்பது. கடைசியாக அரங்கேற்றம். ஒவ்வொரு கட்டத்திலும் ஊரே வந்து பார்க்கும், குறை சொல்லும், சாப்பாடு கொடுக்கும். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்குள் நாடகத்தைத் தெரிவுசெய்து, ஒத்திகை பார்த்து, மேடையேற்றி, புள்ளி வாங்க வேண்டும். ஊர் மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்ததை நாங்கள் வாரக்கணக்கில் செய்தோம். சதங்கைக்கு முந்திய அந்தக் காத்திருப்பு எங்களுக்கு வாய்க்கவில்லை. பாடத்திட்டம் வகுப்பவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தால் நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

மட்டக்களப்புக் கூத்தில் இரண்டு மோடி. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகள். போர், வேகம், பாரமான கரப்புடுப்பு, உயர்ந்த முடி. தென்மோடியில் ஆட்டம் நுணுக்கமானது, உடை பாரமற்றது, பாட்டை இழுத்துப் பாடுவார்கள். கரப்புடுப்பை ஒருமுறை உடுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் வடமோடி ஆட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கும். இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் அந்தச் சட்டகம் உடம்பைச் சும்மா நிற்கவிடாது. அது சுழலச் சொல்லும், நாம் சுழல்வோம். உடை விதானிப்பு என்ற பாடத்தில் நாங்கள் அளவெடுத்துக் கட்டிய கரப்புகளில் இரண்டு ஒத்திகையிலேயே உடைந்தன, மூன்றாவது தாங்கியது.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைப் படித்த பருவத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களுள் ஒருவர். நடிகன் மேடையில் உண்மையாக வாழ வேண்டும் என்றவர். நான் இந்த இடத்தில், இந்தச் சூழ்நிலையில் இருந்தால் என்ன செய்வேன் என்ற கேள்வியிலிருந்து நடிப்பைத் தொடங்கச் சொன்னார். நடிகன் தன் வாழ்வில் பட்ட உணர்ச்சிகளை நினைவிலிருந்து எடுத்துப் பாத்திரத்துக்குக் கொடுக்கலாம் என்பதும் அவருடைய முறையின் ஒரு பகுதி. எங்களுக்குத் தந்த பயிற்சி ‘காத்திருத்தல்’. மேடையில் ஒரு வாங்கு. யாரோ ஒருவரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டும், பேச்சு இல்லை. மற்ற நாடுகளில் இது ஒரு தொடக்கநிலைப் பயிற்சியாக இருக்கலாம். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். இழுத்துச் செல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், 2004 டிசம்பரில் கடல் கொண்டு போனவர்கள். என் தோழி ஒருத்தி வாங்கில் போய் இருந்தாள். சற்று நேரத்தில் அவள் நடிக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வகுப்பை எடுத்த மிஸ் எழுந்து போய், அவள் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு பயிற்சியை நிறுத்தினார்.

அடுத்த வகுப்பில் அவர் அந்தப் பயிற்சிக்குத் திரும்பிப் போகவில்லை. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உணர்ச்சியை நேரடியாகத் தேடுவதிலிருந்து விலகி, உடற்செய்கையிலிருந்து தொடங்கச் சொன்னார் என்பதை விளக்கினார். அழுகையைத் தேடாதே, கதவைத் திற, விளக்கை ஏற்று, சட்டையை மடி, எது வர வேண்டுமோ அது வரும். அதே வாரம் நாங்கள் அண்ணாவியாரிடம் ஒரு புலம்பல் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தோம். போரில் மகனை இழந்த தாயின் பாட்டு. பாடும்போது என் தோழிக்குக் குரல் உடைந்தது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. தாளத்தைச் சற்றுத் தாழ்த்தி வாசித்துக்கொண்டே, “அழுறது சனத்துட வேலை புள்ள. நீ பாட்டப் பாடு, காலப் போடு” என்றார். அவள் பாடி முடித்தாள். கூத்தில் துயரத்துக்கு ஒரு தாளமும் ஒரு நடையும் இருக்கின்றன. ஆடுபவர் தன் சொந்தக் காயத்தைத் திறந்து காட்டத் தேவையில்லை, அந்த நடைக்குள் நின்றால் போதும். இழப்பு இவ்வளவு நிறைந்த ஒரு மண்ணில் நடிப்பைக் கற்பிப்பவர்கள் இதை அறிந்திருப்பது அத்தியாவசியம். மாஸ்கோவிலிருந்து வந்த பாடமும் படுவான்கரையிலிருந்து வந்த பாடமும் ஒரே வாரத்தில் என் தோழியைத் தாங்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். நடிப்புக் கல்வியைப் பற்றி நான் இன்று என்ன நம்புகிறேனோ அதன் வேர் அந்த வாரத்தில் இருக்கிறது.

பிரெக்ட்டுக்கு எங்களிடம் அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. பார்வையாளர் கதைக்குள் மூழ்கிப் போகாமல், இது நாடகம் என்ற நினைவோடு சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்றவர் அவர். 1935இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரின் நிகழ்வைப் பார்த்து, நடிகன் பாத்திரத்துக்குள் கரைந்துவிடாமல் அதைக் காட்டிக்கொண்டு நிற்க முடியும் என்று வியந்து எழுதியவர். கூத்தில் கட்டியகாரன் முதலில் வந்து யார் வரப்போகிறார் என்று அறிவிப்பான். அரசன் வந்து, இன்ன நாட்டு இன்ன அரசன் வந்தான் என்று தன்னையே படர்க்கையில் பாடுவான். விரிவுரை முடிவில் பின்வரிசைப் பையன் ஒருவன், “சேர், இத எங்கட ஊர்ல அப்பா செய்றவர்” என்றான். சேர் மகிழ்ந்து போனார். அன்றைய மீதி வகுப்பை அந்தப் பையன்தான் எடுத்தான்.

பெண்பிள்ளைகள் கூத்தாடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் கூத்து ஆண்களுடையது. திரௌபதியும் சுபத்திரையும் ஆண்கள்தான். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் என் காலில் சதங்கை ஏறியது. அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இரவில் ஒத்திகை, விடுதிக்குத் திரும்பும் நேரம், ஆண்களோடு கைகோத்து ஆடுவது என்று வீட்டில் நடந்த பேச்சுகள் பல. எனக்குக் கிடைத்தது பெண் வேடம் இல்லை, வீமன். அகலமாகக் கால் வைத்து, கதையைத் தோளில் போட்டு, மண் அதிர வரவேண்டும். என் பதினெட்டு வயதுவரை யாரும் என்னை அப்படி நடக்க விட்டதில்லை, சத்தமாகக் கூப்பிட விட்டதில்லை. பட்டம் எனக்கு என்ன தந்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் அந்த வீமனைத்தான் சொல்வேன். அரங்கேற்றத்துக்கு அம்மம்மா வந்தார். முடிந்ததும், “வரவு நல்லாருந்திச்சு. ரெண்டாவது பாட்டுல சுருதி இறங்கிற்று” என்றார். வாழ்நாள் முழுக்கக் களரியின் ஓரத்தில் இருந்து கூத்துப் பார்த்தவர், அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

பேராதனை வழி சரியா என்ற விவாதம் எங்கள் துறையில் ஓய்வதில்லை. கூத்தைச் சுருக்கி மேடையேற்றியதால்தான் நகரத்துப் படித்தவர்கள் அதை மதிக்கத் தொடங்கினார்கள் என்பது ஒரு பக்கம். ஊரிலிருந்து கூத்தை எடுத்துப்போய் அழகுபடுத்தினால் ஊருக்கு என்ன கிடைத்தது என்பது மறுபக்கம். சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியவர்களும் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற பெயரில் வேறொரு வழியை எடுத்தார்கள். ஊருக்குள்ளேயே, ஊரவரோடும் அண்ணாவியாரோடும் பேசி, கதையில் சாதியும் பெண்ணும் சித்திரிக்கப்படும் விதத்தை அவர்களே மாற்றி, களரியிலேயே ஆடுவது. சீலாமுனை என்ற ஊரில் அவர்கள் செய்த வேலையை நாங்கள் ஆய்வுக் கட்டுரைகளுக்காகப் போய்ப் பார்த்திருக்கிறோம். என் மனம் இரண்டாவது வழியின் பக்கம். ஆனாலும் ‘இராவணேசன்’ இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒருத்திக்குப் பல்கலைக்கழகத்தில் கூத்து என்ற பாடமே இருந்திருக்காது என்பதை நான் மறக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் வேறு. 1985இல் சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். போர்க்காலத்தில் சனம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை மேடை சொன்னது. அங்கே இசைநாடக மரபும் உயிரோடு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த அந்த நாடகங்களை நடிகமணி வி. வி. வைரமுத்து யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் பாடிப் பாடி நிலைநிறுத்தினார். அவருடைய அரிச்சந்திரனைப் பார்க்காத பழைய தலைமுறையைக் காண்பது கடினம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது புதுச்சேரியில். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளியை அவர் பெயரில் தொடங்கியது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்க காலத்தில் தலைமை ஏற்றிருந்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சே. இராமானுஜம் கற்பித்தார். டில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று வந்த அவர், திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி உருவானபோதும் உடன் நின்றவர். தமிழ்நாட்டில் இதைப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

படித்து முடித்தால் வேலை? பெரும்பாலும் ஆசிரியத் தொழில். பாடசாலையில் பாடம் இருப்பதால் ஆசிரியர் தேவை. ஆனால் நியமனம் உடனே வராது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். கலைப் பட்டதாரிகளுக்கு அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். சிலர் வானொலிக்குப் போனார்கள், சிலர் தொண்டு நிறுவனங்களோடு விழிப்புணர்வு நாடகங்கள் செய்தார்கள், சிலர் சிறுவர் அரங்கில் நின்றார்கள். படிப்பைத் தெரிவுசெய்யும் பிள்ளைக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பாடசாலைக்கு வந்த பிறகு எனக்கு இருக்கும் கவலை வேறு. பரீட்சைப் பாடமானதால் நாடகத்துக்கு மரியாதை வந்தது, அதோடு குறிப்புக் கொப்பியும் வந்தது. களரி என்றால் என்ன, எழினி எத்தனை வகை, பிரெக்ட் எந்த நாட்டவர் என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். ஒருமுறையும் வட்டத்தில் நிற்காமலே நல்ல புள்ளி எடுத்துவிட முடிகிறது. நான் பருவத்தின் தொடக்கத்தில் கொப்பியைத் திறப்பதே இல்லை. கயிறும் சுண்ணாம்பும் கொடுத்து மைதானத்துக்கு அனுப்புகிறேன். கீறி, உள்ளே நின்று, பக்கத்து வட்டத்தில் சுற்றிவந்து பார்த்த பிள்ளைக்குப் பிறகு எழுதுவது சிரமமாக இருப்பதில்லை.

பல்கலைக்கழகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இலங்கையில் விரிவுரையாளராக வேண்டுமானால் உயர்ந்த தரத்தில் சித்தியடைந்த பட்டம் வேண்டும். அண்ணாவியாரிடம் அது இல்லை. ஆகவே அவர் வருகிறார், பழக்குகிறார், மணித்தியாலத்துக்குக் கணக்கிட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். ‘வளவாளர்’ என்று எழுதுகிறார்கள். புள்ளி போடும் மேசையில் அவர் இருப்பதில்லை. ஆட்டம் சரியா என்று சொல்லத் தகுதியுள்ள ஒருவரை விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் புள்ளி போடுவது எந்த வகையில் நியாயம்? அவருக்கு நிரந்தரமான ஓர் ஆசிரியப் பதவி, அதற்குரிய பெயர், அதற்குரிய சம்பளம், பரீட்சகர் குழுவில் ஓர் இடம் ஆகியவற்றைக் கொடுக்க விதி இடம்தராவிட்டால் விதியைத் திருத்த வேண்டும். மாணவர் ஒரு முழுக்கூத்துப் பருவத்தை ஊரில் இருந்து, சட்டம் வாங்குவது முதல் அரங்கேற்றம்வரை பழகினால், அதைப் பட்டத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிட வேண்டும். எங்களுக்குப் பழக்கிய அண்ணாவியார் போன்றவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு மத்தளத்தைத் தூக்குவார்கள் என்று தெரியாது. இந்த வேலையைத் தள்ளிப்போட நேரம் இல்லை.

இந்த முறை மாரி வேளாண்மை வெட்டு முடிந்ததும் எங்கள் ஊரில் புதிய கூத்துக்குச் சட்டம் கொடுப்பதாக இருக்கிறார்கள். என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் பாத்திரம் கேட்டிருக்கிறார்கள், அவர்களில் இருவர் பெண்பிள்ளைகள். பெரியவர்கள் சிலருக்கு அது சம்மதம் இல்லை, அண்ணாவியாருக்குச் சம்மதம். அதைப் பேசித் தீர்க்கக் கோயில் முன்றலில் ஊர்க்கூட்டம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன்.